குருதிச் சோதனையும் கொடையாளியின் சொல்லும்

"எப்படியும் எல்லாவற்றையும் சோதித்துத்தானே நோயாளிக்கு ஏற்றுகிறார்கள்!" குருதிக்கொடை முகாம் நடைபெறும் இடமெங்கும் இச்சொல்லைக் கேட்கலாம். முகாமை ஒழுங்குசெய்யும் இளைஞர் இதனைக் கூறுவர்; படிவத்தை வாசியாமலே ஒப்பமிடும் கொடையாளியும் கூறுவர்; படித்தவர் எனத் தம்மைக் கருதிக்கொள்ளும் நாமும் கூறுகிறோம். கொடுப்பவன் எதைச் சொன்னாலும், எதை மறைத்தாலும், ஆய்வுகூடம் அனைத்தையும் கண்டுபிடித்துவிடும் என்ற நம்பிக்கையே இச்சொல்லின் உட்கிடை. இந்நம்பிக்கை தவறானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஈரலழற்சி வைரசுக்கான சோதனையின் முடிவில் "இல்லை" என்று எழுதப்பட்டிருந்தால், அதன் பொருள் "இந்தச் சோதனையால், இந்த நாளில் காணப்படவில்லை" என்பதே. இவ்விரண்டு பொருள்களுக்கும் இடைப்பட்ட சிறு வெளியில் நோய் ஒளிந்திருக்க இடமுண்டு. அவ்வெளியைக் காவல் செய்யக்கூடியது கொடையாளியின் உண்மைச் சொல் ஒன்றே. அவ்வுண்மையைச் சொல்வதற்கான சூழ்நிலையை மலைநாட்டில் நாம் அமைக்கவில்லை. அமைக்க வேண்டும் என்ற எண்ணமும் நமக்கு எழவில்லை. கலைப்பீட மாணவர் ஒருவர் மருத்துவத்திற் புகுவது ஏன் என்று வினவுவோருக்கு ஒன்று கூறலாம்: சோதனை விஞ்ஞானத்தைச் சார்ந்தது; கேள்வியும் மறுமொழியும் மொழியைச் சார்ந்தவை. மொழியைப் பற்றிப் பேசும் உரிமையையேனும் எமக்கு விட்டுவைப்பார்கள் என நம்புகிறேன்.

முதலில் நோயை விளங்கிக்கொள்வோம். செங்கண்மாரி என்றும் மஞ்சட்காமாலை என்றும் நம் மக்கள் வழங்குவது ஒரு குறி. பல காரணங்களால் தோன்றும் குறி. 2007ஆம் ஆண்டிற் கம்பளைப் பிரதேசத்திற் பரவியது 'ஏ' வகை ஈரலழற்சி. அது அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவது. வந்து, வருத்தி, பின்னர் நீங்குவது. 'பி', 'சி' ஆகிய வகைகள் குருதிவழிப் பரவுவன. அவை ஆண்டுக்கணக்கில் உடலிலே தங்கி ஈரலை அரித்துச் சுருங்கச்செய்து புற்றுநோய்வரை கொண்டுசெல்ல வல்லன. அவற்றைக் காவுவோர் பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 254 மில்லியன் மக்கள் 'பி' வகையுடனும் 50 மில்லியன் மக்கள் 'சி' வகையுடனும் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஈரலழற்சி வைரசுகளால் அவ்வாண்டில் இறந்தோர் 1.3 மில்லியன். இவர்களுட் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்கள். அறியாதவன் நல்லெண்ணத்தோடுதான் கையை நீட்டுவான் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

'பி' வகை வைரசின் மேற்பரப்புப் பிறபொருளெதிரியாக்கியை 1960களிற் கண்டறிந்தவர் பரூக் புளூம்பேர்க். 1976இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 'சி' வகை வைரசு 1989ஆம் ஆண்டிலேயே இனங்காணப்பட்டது. அதற்கு முன்னர் உலகின் எந்த இரத்த வங்கியிலும் அதற்கென ஒரு சோதனை இருக்கவில்லை. அக்காலத்துக் குருதியெல்லாம் 'சி' வகையைப் பொறுத்தமட்டிற் சோதியாத குருதியே. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துச் சோதனையே இறுதியானது என எண்ணி வந்துள்ளது என்பதற்கு இவ்வரலாறு போதிய சான்றாகும்.

இன்றைய சோதனைகள் அக்காலத்தவற்றிலும் பன்மடங்கு நுண்ணியவை, இதனை மறுத்தற்கில்லை. இலங்கையின் தேசிய இரத்த மாற்றுச் சேவை ஒவ்வொரு கொடையையும் எச்.ஐ.வி., ஈரலழற்சி 'பி', ஈரலழற்சி 'சி', சிபிலிசு, மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கிறது. ஆயினும் வைரசு உடலிற் புகுந்த நாளுக்கும் சோதனையில் அது தென்படும் நாளுக்கும் இடையே ஒரு காலம் கழிகிறது. 'பி' வகையின் மேற்பரப்புப் பிறபொருளெதிரியாக்கி தென்படுவதற்கு ஐந்து வாரம் அளவிற் செல்லலாம். 'சி' வகைக்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரி தென்படுவதற்கு எட்டு வாரத்துக்கும் மேலாகலாம். அக்காலத்திற் குருதியிலே வைரசு உண்டு; சீட்டிலோ "இல்லை" என்றிருக்கும். வேறு வழிகளாலும் பொய்யான "இல்லை" பிறக்கும். பழைய 'பி' வகைத் தொற்று மேற்பரப்பிற் புலப்படாமல் ஈரலில் மறைந்து கிடக்கலாம். வைரசின் மேலுறை திரிபடைந்து சோதனைக்கு அகப்படாது போகலாம். சோதனைப் பொருள் உரிய குளிரிற் பேணப்படாதிருக்கலாம். களைத்த கையொன்று ஒரு குழாயின் இலக்கத்தை இன்னொன்றில் எழுதிவிடவுங் கூடும்.

மஸ்கெலியாவை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் அமிழ்ந்தது. மழைக்காலத்திற் கரையில் நிற்பவனுக்கு நீரன்றி வேறொன்றுந் தெரியாது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய வழிபாட்டிடங்களின் கட்டடங்கள் தலைகாட்டும். மழைக்காலத்திற் பார்த்தவன் "இங்கே கோயில் இல்லை" என்று சொன்னால் அவன் பொய்யனல்லன்; அவன் பார்த்த நாளில் நீர் உயர்ந்திருந்தது. இந்நகரின் கதையை அறிந்த முதியவர் ஒருவரைக் கேட்டிருந்தால் மட்டுமே அவன் உண்மையை உணர்ந்திருப்பான். குருதியின் கதையை அறிந்தவர் கொடையாளி. ஆய்வுகூடம் கரையில் நின்று பார்ப்பது.

"அப்படியாயின் இன்னும் நுண்ணிய கருவிகளை வாங்குவோம்" என்பர் சிலர். வாங்கத்தான் வேண்டும். வைரசின் நியூக்கிளிக்கமிலத்தையே நேரே தேடும் சோதனையினால் 'சி' வகையின் ஒளிவுக்காலம் ஒன்றிரண்டு வாரமாகக் குறைகிறது. 'பி' வகையினது ஏறத்தாழ மூன்று வாரமாகிறது. இது பெரும் பயன். ஆனாற் குறைதல் வேறு, நீங்குதல் வேறு. எத்துணை விலையுயர்ந்த கருவியாயினும் வைரசு புகுந்த மறுநாள் எடுத்த குருதியில் அதனைக் காண வல்லதன்று. பொறியின் மீது முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு மனிதர் கைகழுவிக்கொள்ளும் மனப்பான்மைக்கு விஞ்ஞானம் என்று பெயரிடுவது விஞ்ஞானத்துக்கே இழுக்காகும்.

இதிலே பணயமாக வைக்கப்படுவது யாருடைய உயிர்? ஒருவர் தரும் குருதி செங்கலம், திரவவிழையம், சிறுதட்டு எனப் பிரிக்கப்பட்டு மூவருக்குச் செல்லக்கூடும். ஒரு பொய்யான "இல்லை" மூன்று கட்டில்களைச் சென்றடையலாம். பேற்றின்போது குருதிப்பெருக்குக்கு ஆளாகும் தாய், ஏற்கெனவே இரத்தசோகையால் வெளிறிய கொழுந்து பறிக்கும் பெண், மலைப்பாதையில் விபத்துற்றவர் ஆகியோர் வரும் குருதியைத் தெரிந்தெடுக்கும் நிலையில் இல்லை. தலசீமியா நோயுற்ற பிள்ளைகளின் நிலை இன்னும் பரிதாபமானது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், முகமறியாத எவரோ ஒருவரின் குருதியை அவர்கள் ஏற்றாக வேண்டும். நமது நாட்டுத் தலசீமியா நோயாளரிடையே நடைபெற்ற ஆய்வுகளில், ஈரலழற்சி 'சி' தொற்று பொதுமக்களிடையே உள்ளதைவிடப் பன்மடங்கு காணப்பட்டமை கவனத்துக்குரியது. இன்று 'சி' வகையை மூன்று மாதம் அளவில் மாத்திரைகளாற் குணப்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் நோயைத் தீர்க்க வழியிருப்பது நோயைக் கொடுக்க உரிமையாகாது.

குருதியையும் வாய்மையையும் இணைத்துச் சிந்தித்த சமூகவியலறிஞர் ரிச்சட் டிற்மசு ஆவார். இலண்டன் பொருளியற் கல்லூரிப் பேராசிரியரான அவர், 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், குருதியைக் கொடையாகப் பெறும் பிரித்தானியாவையும் அதனை விலைக்கும் வாங்கிய அமெரிக்காவையும் ஒப்பிட்டார். குருதியை விற்பவனுக்குத் தன் நோயை மறைப்பதற்குக் காரணமுண்டு. கொடுப்பவனுக்கு அக்காரணம் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். 1978இல் அமெரிக்க அரசு, குருதிப் பொதியின் மீது அது விலைக்குப் பெற்றதா கொடையாகப் பெற்றதா எனக் குறிக்க வேண்டுமென விதித்தது. இலங்கை குருதியை விலைக்கு வாங்குவதில்லை; தன்விருப்பக் கொடையாளரையே முற்றாகச் சார்ந்து நிற்கிறது. இது நாம் பெருமைப்படத்தக்க சாதனை.

ஆயின் பணம் ஒன்றுதான் உண்மையை மறைக்கச் செய்யுமா? இங்கேதான் டிற்மசின் வாதத்தை நமது மண்ணுக்கு ஏற்ப நீட்டிப் பார்க்க வேண்டியுள்ளது. புகழும் மறைக்கச் செய்யும். வெட்கமும் மறைக்கச் செய்யும். பலர் முன்னிலையில் பின்வாங்க இயலாமையும் மறைக்கச் செய்யும். தோட்டப்புறத்து முகாம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து மண்டபத்திலோ பாடசாலையிலோ கட்டில்கள் வரிசையாக இடப்படும். தலைவரும் நிற்பார், கங்காணியும் நிற்பார், ஒரே லயத்தார் ஒருவர் பின் ஒருவராக நிற்பர். ஒலிபெருக்கி கொடையாளரின் பெயரைக் கூவும். கேள்வி கேட்கும் மேசைக்கும் அடுத்து நிற்பவனுக்கும் இடையே நான்கு முழத் தூரமே இருக்கும். அங்கே ஓர் இளைஞன், "எனக்கு இன்று கொடுக்கத் தகுதியில்லை" என்று எவ்வாறு கூறுவான்? கூறிவிட்டு எழுந்து சென்றால் மாலைக்குள் லயத்தின் இருபது காம்பராவிலும் அது பேச்சாகிவிடாதா? அவன் "இல்லை, இல்லை" என்று ஒவ்வொரு கேள்விக்கும் தலையாட்டுகிறான். கொடையாளியின் பொய்யான "இல்லை" இவ்வாறே பிறக்கிறது. சோதனையின் பொய்யான "இல்லை" அதனோடு சேருமிடத்தே தீங்கு வழி கண்டுகொள்கிறது.

பல்கலைக்கழகத்தார் நாம் இதிற் சிறந்தவர்களோ எனின், அதுவுமில்லை. எந்தச் சங்கத்தின் முகாமில் எத்தனை பொதி சேர்ந்தது என்பதே நமது கவலை. சென்ற ஆண்டின் எண்ணிக்கையை இவ்வாண்டு விஞ்சினோமா என்பதே அறிக்கையின் முதல் வரி. கொழுந்து மடுவத்தில் தராசின் முன் நின்று, குறித்த நிறை இல்லையேல் அரைப் பேர் என்று எழுதப்பட்டு வந்த மக்களின் பிள்ளைகள் நம்மிலே பலர் உளர். மனிதரை நிறையால் அளக்கும் கொடுமையை மேடையில் ஏறிச் சாடும் நாமே, குருதியைப் பொதிக் கணக்கால் அளந்து மகிழ்கிறோம். உண்மையைச் சொல்லித் திரும்பிச் சென்ற பத்துப்பேர் எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. அவர்களே அன்றைய முகாமின் மிகச் சிறந்த கொடையாளிகள் அல்லரா?

இனி மொழிக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்பதோடு நமது கோரிக்கை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எந்தத் தமிழில் என்று நாம் கேட்பதில்லை. "அண்மையில் உடலிற் துளையிட்டுக்கொண்டீரா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அலகு குத்திக் காவடி எடுத்த இளைஞனுக்கு இக்கேள்வி தன்னைக் குறிப்பதாகத் தோன்றாது. அவன் செய்தது துளையிடல் அன்று, நேர்த்திக்கடன். விரதமிருந்து தூய்மையோடு செய்த காரியத்தில் நோய் எப்படி வரும் என்று அவன் எண்ணுவது இயல்பே. ஆனால் ஒரே அலகோ கொக்கியோ சரிவரத் தூய்மையாக்கப்படாமல் இருவர் உடலிற் புகுமாயின், ஒருவர் குருதி மற்றவரைச் சேர வழியுண்டு. ஈரலழற்சி 'பி' வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாளேனும் உயிர்ப்போடு இருக்க வல்லது. சிகையலங்காரக் கடையின் சவரக் கத்தி, காது குத்தும் ஊசி, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். திருவிழா முடிந்து ஒரு மாதத்தின் பின் முகாமுக்கு வரும் அவனை ஆய்வுகூடம் கண்டுகொள்ளாமற் போகலாம். "அலகு குத்தினாயா தம்பி? எப்போது? அலகு யாருடையது?" என்று அவன் பேசும் தமிழிற் கேட்கும் ஒருவர் கண்டுகொள்வார். அவனுடைய பக்தியைப் பழிக்காமல், அவனைச் சிறுமைப்படுத்தாமற் கேட்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

தோட்டமக்கள் அறியாமையில் மூழ்கியவர்கள், அவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று சொல்வாரும் உளர். இது சோம்பலுக்கு இட்ட மாற்றுப்பெயர். கேள்வி விளங்காதபோது மறுமொழி பிழைத்தால், பிழை கேட்டவர் மீதே சாரும். நோயை மலையகத்தின் மீது சுமத்துவதும் என் கருத்தன்று. கொழும்பின் குளிரூட்டிய மண்டபத்து முகாமிலும் வைரசு அதே வாரக்கணக்கில்தான் ஒளிந்திருக்கும். வேறுபாடு யாதெனில், அங்குள்ளவனுக்குத் தனியே பேச ஓர் அறையும், ஐயமெழுந்தாற் பணங்கொடுத்துச் சோதித்துக்கொள்ளத் தனியார் ஆய்வுகூடமும் அருகிலேயே உண்டு. மஸ்கெலியாத் தோட்டத்தவனுக்கு ஒரு நாட் சம்பளத்தை இழந்து நகருக்குப் போக வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் ஈரலழற்சிச் சோதனையிலும் தேறியாக வேண்டியிருப்பதால், தன் நிலையை முன்கூட்டி அறியும் ஆவலில் ஒருவன் குருதிக்கொடை முகாமை நாடினால் வியப்பதற்கில்லை. சோதனைக்காகக் கொடுப்பவனே ஒளிவுக்காலத்திற் கொடுக்கும் வாய்ப்பு மிகுந்தவன். அவனைக் குறைகூறுவதிலும், அவனுக்கு வேறு வழி திறந்துவிடுவதே அறிவுடைமை.

கொடையாளியின் வாய்மையை மட்டும் வலியுறுத்தி நிறுவனங்களை விட்டுவிடுதல் நீதியாகாது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டுச் சாத்தூர் அரசு வைத்தியசாலையில், கருவுற்றிருந்த இளம்பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கலந்த குருதி ஏற்றப்பட்டது. நோய் வேறாயினும் பாடம் ஒன்றே. சிவகாசி அரசு இரத்த வங்கியிலிருந்து வந்த அக்குருதியைக் கொடுத்த இளைஞர் 2016இலும் குருதி கொடுத்திருந்தார். அப்போதே தொற்றுத் தெரிந்திருந்தும் அவருக்கு அது சென்றுசேரவில்லை. பின்னர் வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தன் நிலையை அறிந்த அவர், தாமே சென்று வைத்தியசாலைக்கு உண்மையை உரைத்தார். அதற்குள் குருதி ஏற்றப்பட்டுவிட்டது. சில நாட்களில் அவர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அங்கே உண்மை பேசியவர் கொடையாளி, பேசாதிருந்தது அமைப்பு.

பிரித்தானியாவிலும் இதே கதையைப் பேரளவிற் காண்கிறோம். கொடைக் குருதியின் தாயகம் என டிற்மசு போற்றிய அந்நாட்டில், 1970களிலும் 80களிலும் அசுத்தக் குருதியாலும் அமெரிக்காவிலிருந்து வாங்கிய குருதிப் பொருள்களாலும் 30,000க்கு மேற்பட்டோர் தொற்றுக்குள்ளாயினர். ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். ஈரலழற்சி 'சி'க்கான சோதனையை அங்கு 1991 செப்டெம்பரிலேயே தொடங்கினர். சேர் பிறயன் லாங்ஸ்ராவ் தலைமையிலான விசாரணைக் குழு 2024 மே 20இல் வெளியிட்ட அறிக்கை, இத்துயரிற் பெரும்பகுதி தவிர்த்திருக்கக் கூடியது என்றும் உண்மை மறைக்கப்பட்டது என்றும் உரைத்தது. கொடை மட்டும் போதாது; சோதனை மட்டும் போதாது. இரு பக்கத்தாரும் உண்மை பேசும் அமைப்பு வேண்டும்.

இவ்வாறெல்லாம் எழுதினால் மக்கள் அஞ்சிக் குருதி கொடாது விடுவர் என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. அதற்கு விடை எளிது. குருதி கொடுப்பதால் எவருக்கும் ஈரலழற்சி வருவதில்லை. ஒருமுறை பயன்படுத்திய ஊசி மறுமுறை பயன்படுவதில்லை. ஆற்றலுடையோர் யாவரும் கொடுக்க வேண்டும். குருதியின்றி இறப்போரின் ஆபத்து, ஏற்றப்படும் குருதியால் வரும் ஆபத்திலும் மிகப் பெரிது. நான் மறுப்பது கொடையை அன்று, கண்மூடிய கொடையை. மக்களிடம் உண்மையைச் சொன்னால் ஓடிவிடுவர் என எண்ணுவது, தோட்டத்துரைமார் நம் முன்னோரைப் பற்றி எண்ணியதினின்றும் வேறானதன்று.

ஆதலின் வேண்டுவன இவை. முகாமில் கேள்வி கேட்கும் இடம் மறைவானதாக இருத்தல் வேண்டும். ஓர் அறை, அன்றேல் ஒரு திரை போதும். மலையகத்து வழக்கறிந்த தமிழிற் கேட்கவல்லோர் அங்கு இருத்தல் வேண்டும். இதற்குப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் பயிற்சி பெற்று முன்வரலாம். பின்வாங்குவோர் காரணங் கூறாமலே மதிப்போடு செல்ல வழி வேண்டும். கொடுத்த பின் மனம் உறுத்தினால் தெரிவிப்பதற்கான தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொருவர் கையிலும் தமிழிற் கொடுத்தல் வேண்டும். பொதிக் கணக்குப் போட்டியை நமது சங்கங்கள் இவ்வாண்டோடு நிறுத்துதல் வேண்டும். தம் நிலையை அறிய விரும்புவோர்க்கு முகாமுக்குப் புறம்பாக, பிரதேச வைத்தியசாலையிலேயே இலவசமாகவும் இரகசியமாகவும் சோதனை கிடைத்தல் வேண்டும். தொற்றுக் கண்டவரிடம் அதனை அவர் மொழியில் நேரிற் கூறுதல் வேண்டும். ஈரலழற்சி 'பி' தடுப்பூசி இலங்கைக் குழந்தைகளுக்கு 2003ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. ஆதலால் இன்று முதலாம் வருடத்தில் உள்ள தம்பி தங்கையரிற் பெரும்பாலோர் காப்புப் பெற்றவர்கள். கொழுந்து கிள்ளும் அவர்தம் தாய்மார் பெறாதவர்கள். அவர்களுக்கும் அக்காப்புக் கிடைக்க வேண்டும் எனக் குரலெழுப்புதல் நம் கடன்.

இவற்றுள் எதற்கும் கோடிக்கணக்கிற் பணம் வேண்டியதில்லை. வேண்டுவது, எதிரில் அமர்ந்திருப்பவன் நம்மிடம் உண்மை சொல்லத்தக்கவன் என்ற மதிப்பு. அம்மதிப்பைப் பெற்றவன் பொய்யுரையான். ஆய்வுகூடம் தன் வேலையைச் செய்யட்டும். அது காணாததைக் காணும் கடமை நம்முடையது.